இரும்புக் குழாயா, வளையும் குழாயா, கத்தியா? மூச்சுக்குழாய் சுருங்கியவருக்கு எது பாதுகாப்பு

"வாய் வழியா இரும்புக் குழாய விடப் போறாங்களாம்" என்று சித்தி சொன்னதும் கூடத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தோம். பெரியப்பா வேண்டவே வேண்டாம் என்றார். அத்தைக்கு, கழுத்தில் ஓட்டை போட்டுவிட்டால் தொல்லை அதோடு தீர்ந்தது. திருப்பூரில் வேலை பார்க்கும் தம்பி போனில், வளையும் குழாய்தான் இப்போது நவீனம், இரும்பெல்லாம் அந்தக் காலம் என்றான். யாரைப் பற்றிப் பேச்சோ அந்தச் சித்தப்பா மட்டும் வாய் திறக்கவில்லை. பேசினால் மூச்சு வாங்கும்.

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே கடைமடையில் இருக்கிறது எங்கள் ஊர். ஆவணி மாதம் ஒரு ராத்திரி, தரையில் பாய் விரித்துப் படுத்திருந்த சித்தப்பாவைக் கட்டுவிரியன் கடித்தது. கடித்ததே அவருக்குத் தெரியாது. அந்தப் பாம்பின் கடியில் பெரிதாக வலியோ வீக்கமோ இருக்காது. விடியற்காலையில் வயிற்றுவலி வந்தது, அப்புறம் இமை திறக்கவில்லை, பேச்சு குழறியது. விஷமுறிவு மருந்து ஏற்றியும் மூச்சுத் தசைகள் ஓய்ந்துவிட்டதால் 11 நாள் வென்டிலேட்டரில் கிடந்து பிழைத்து வந்தார். மறுபிறவி என்றது ஊர்.

வீடு திரும்பி ஆறு வாரம் கழித்து, வரப்பில் நடந்தால் இளைக்கிறது என்றார். தூங்கும்போது விசில் மாதிரி ஒரு சத்தம். வீசிங் என்றார்கள். இன்ஹேலர் கொடுத்தார்கள், அப்புறம் நெபுலைசர், அப்புறம் ஸ்டீராய்டு மாத்திரை. இரண்டு மாதம் இப்படியே ஓடியது. கடைசியில் ஒரு நெஞ்சக மருத்துவர் ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்தார், எடுத்துக் கழுத்தில் வைத்தார். "ஐயா, மூச்ச இழுக்கும்போதுதான் சத்தம் வருது. அதுவும் கழுத்துலேருந்து வருது. இது ஆஸ்துமா இல்ல." சி.டி. ஸ்கேனில் மூச்சுக்குழாயின் ஓரிடம் மணற்கடிகாரத்தின் இடுப்பு மாதிரி சுருங்கியிருந்தது. நீளம் 2 சென்டிமீட்டர், மிகக் குறுகிய இடத்தில் விட்டம் 6 மில்லிமீட்டர்.

காரணம், உயிரைக் காப்பாற்றிய அதே குழாய். வென்டிலேட்டர் குழாயின் நுனிக்குச் சற்று மேலே ஒரு சின்னப் பலூன் இருக்கும், கஃப் என்பார்கள். காற்று கசியாமலும் எச்சில் நுரையீரலுக்குள் இறங்காமலும் இருக்க அதை ஊதி வைப்பார்கள். அந்த அழுத்தம் 20 முதல் 30 சென்டிமீட்டர் நீரழுத்தத்துக்குள் நிற்க வேண்டும். அதைத் தாண்டினால் மூச்சுக்குழாயின் உள்சவ்வுக்கு ரத்தம் போகாது. சவ்வு புண்ணாகும், புண் ஆறும்போது தழும்பு இறுகும், தழும்போடு சேர்ந்து குழாயும் இறுகும். சில பேருக்கு எல்லாம் சரியாகப் பார்த்துக்கொண்டாலும் இது வரும், ஆகவே யாரையும் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. பாம்புக்கடி, பூச்சிமருந்து, 2021 கொரோனா அலை என்று நாட்கணக்கில் வென்டிலேட்டரில் இருந்து திரும்பியவர்கள் நம் பக்கத்தில் ஊருக்கு ஒருவராவது இருப்பார்கள். அவர்களில் யாருக்காவது சில வாரமோ சில மாதமோ கழித்து இன்ஹேலருக்கு அடங்காத "வீசிங்" வந்தால், "இவருக்கு வென்டிலேட்டர் போட்டிருந்தாங்க" என்ற ஒரு வாக்கியத்தை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். நாங்கள் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை.

வாய்க்காலில் தூர் சேர்ந்தது மாதிரி என்று சித்தப்பாவே தன் நோயைப் புரிந்துகொண்டார். ஆனால் இந்தக் கணக்கு வாய்க்கால் கணக்கைவிட மோசமானது. குழாயின் விட்டம் பாதியானால் காற்றுக்கு உண்டாகும் தடை இரண்டு மடங்காவதில்லை. சீரான ஓட்டத்தில் அது 16 மடங்கு. பெரியவர்களின் மூச்சுக்குழாய் 15 முதல் 20 மில்லிமீட்டர் அகலம். சுமார் 8 மில்லிமீட்டருக்குச் சுருங்கும்வரை பலருக்கு ஒன்றுமே தெரியாது, அதற்கப்புறம் வேலை செய்தால் இளைக்கும். 5 மில்லிமீட்டர் ஆகிவிட்டால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே சத்தம் கேட்கும். 6-க்கும் 5-க்கும் நடுவில் ஒரு சளிக்கட்டி போதும். சம்பா அறுவடை முடியட்டும், தை போகட்டும் என்று சித்தப்பா சொன்னபோது மருத்துவர் மறுத்ததற்குக் காரணம் இந்த ஒரு மில்லிமீட்டர்தான்.

சரி, வழிகளுக்கு வருவோம். எங்கள் முன் இருந்தவை நான்கு: ரிஜிட் பிராங்கோஸ்கோப்பி என்கிற நேர்க்குழாய், ஃப்ளெக்ஸிபிள் என்கிற வளையும் குழாய், சுருங்கிய பகுதியை வெட்டி எடுத்து இணைக்கும் அறுவை சிகிச்சை, கழுத்தில் துளையிடும் டிரக்கியோஸ்டமி. மருந்தோடு காலம் தள்ளுவது என்ற ஐந்தாவது வழியை இரண்டு மாதம் செய்து பார்த்தாயிற்று. தழும்பை மாத்திரை கரைக்காது.

இரும்புக் குழாய் என்று வீட்டில் பெயர் வாங்கியது உண்மையில் ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் நீளமுள்ள, நேரான, உள்ளே வெறுமையான எஃகுக் குழாய். சுண்டுவிரல் பருமனோ அதைவிடச் சற்றுக் கூடவோ இருக்கும். முழு மயக்கத்தில் கழுத்தைப் பின்னால் சாய்த்து, வாய் வழியாகக் குரல்நாணைத் தாண்டி மூச்சுக்குழாய்க்குள் இறக்குவார்கள். அந்தக் காலத்து விஷயம் என்று தம்பி சொன்னதில் பாதி உண்மை. 1897-ல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் குஸ்தாவ் கில்லியன் இப்படித்தான் ஒரு குழாயை விட்டு, மூச்சுக் கிளைக்குழாயில் சிக்கிய எலும்புத் துண்டை எடுத்தார். அந்த நோயாளியும் ஒரு விவசாயி என்று படித்ததும் சித்தப்பாவிடம் சொன்னேன், லேசாகச் சிரித்தார். 1960-களின் கடைசியில் ஜப்பானின் ஷிகெடோ இகேடா வளையும் குழாயைக் கொண்டுவந்ததும் நேர்க்குழாய் மூலைக்குப் போனது. தம்பிக்குத் தெரியாத மறுபாதி அதற்கு அப்புறம் நடந்தது. 1980-களில் பிரான்சின் மார்சேய் நகரில் ழான் ஃபிரான்சுவா டூமோன், லேசரை உள்ளே செலுத்த இந்தப் பழைய குழாயைத்தான் மறுபடி கையில் எடுத்தார். 1990-ல் அதன் வழியே வைக்கும் சிலிக்கோன் ஸ்டென்ட்டையும், அதாவது விரித்த இடம் மூடிக்கொள்ளாமல் உள்ளே தாங்கி நிற்கும் குட்டிக் குழாயையும், வெளியிட்டார். பெரிய மூச்சுக்குழாய்களின் அடைப்புக்கு அது திரும்பி வந்துவிட்டது.

திரும்பி வந்ததற்குக் காரணம், நோயாளி எதன் வழியாக மூச்சு விடுகிறார் என்பதில் இருக்கிறது. வளையும் குழாய் உள்ளே கெட்டியானது. அதை 6 மில்லிமீட்டர் சந்துக்குள் விட்டால் மிச்சமிருக்கும் இடத்தில்தான் மூச்சு போய்வர வேண்டும். பலூனை ஊதி விரிக்கும் நேரத்தில் அந்த மிச்சமும் இல்லை. ரத்தம் கசிந்தால் உறிஞ்சி எடுக்க அதற்குள் இருப்பது 2, 3 மில்லிமீட்டர் துவாரம். நேர்க்குழாயோ தானே ஒரு மூச்சுப்பாதை. அதன் பக்கவாட்டு வாய் வழியாக ஆக்ஸிஜன் போய்க்கொண்டிருக்கும், நடுவில் கருவிகள் போய்வரும், கொழகொழவென்று ரத்தம் வந்தாலும் பருத்த உறிஞ்சி ஒன்றை விட்டு எடுக்கலாம், ரத்தம் கசியும் இடத்தைக் குழாயின் பக்கத்தாலேயே அழுத்திப் பிடிக்கலாம். பார்க்க முரடாக இருப்பது இந்த வேலைக்கு மென்மையானதைவிடப் பத்திரமாக இருக்கிறது. பெரியப்பாவுக்கு இதைப் புரியவைக்க எனக்கு ஒரு சாயங்காலம் ஆனது.

நோயைக் கண்டுபிடிக்க, சதைத் துணுக்கு எடுக்க, நுரையீரலின் தூரக் கிளைகளுக்குப் போக வளையும் குழாய்தான் ராஜா. அங்கே நேர்க்குழாயால் போகவே முடியாது. சித்தப்பாவுக்கும் முதலில் அதைவிட்டுத்தான் தொலைவில் நின்று பார்த்தார்கள். மூச்சுப்பாதையில் மெல்லிய சவ்வு மாதிரி ஒரு தழும்பு மட்டும் இருந்து, அகலமும் போதுமானதாக இருந்தால், கைதேர்ந்தவர்கள் வளையும் குழாயும் பலூனும் வைத்தே விரித்துவிடுவதுண்டு. நேர்க்குழாய்க்காரர்களும் வளையும் குழாயை அதற்குள்ளேயே விட்டு இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துகிறார்கள். ஆகவே எது உயர்ந்தது என்ற சண்டை தேவையில்லை. அடைப்பு பெரிய குழாயில், சந்து சின்னது, வெட்டவோ விரிக்கவோ வேண்டும் என்றால் நேர்க்குழாய் தெரிந்த ஓர் இடத்தில் செய்துகொள்வது நல்லது என்பதுதான் எனக்குப் புரிந்தது.

எங்கள் வீட்டில் எல்லாரும் ஒப்புக்கொண்ட ஒரே விஷயம் தப்பான விஷயமாக இருந்தது. முழு மயக்கம் ஆபத்து, அரை மயக்கம் பத்திரம் என்பது அது. "முழுசா மயக்கிட்டா எழுந்திருக்காமப் போயிட்டா?" என்று சித்தி கேட்டார். நியாயமான பயம்தான். ஆனால் 2015-ல் அமெரிக்க மார்பு மருத்துவர்கள் கல்லூரியின் பதிவேட்டிலிருந்து ஓர் ஆய்வு வெளியானது. 15 மருத்துவமனைகள், 947 பேர், 1,115 சிகிச்சைகள். எல்லாருமே புற்றுநோயால் பெரிய மூச்சுக்குழாய் அடைத்தவர்கள். அதில் சிக்கல் அதிகம் வரக் காரணமாகத் தெரிந்தவை நான்கு: அவசரமாகச் செய்தது, உடல்நிலை ஏற்கெனவே மோசமாக இருந்தது, மறுபடி மறுபடி செய்தது, அப்புறம் அரை மயக்கத்தில் செய்தது. யோசித்தால் ஆச்சரியமில்லை. அரை மயக்கத்தில் இருப்பவர் இருமுவார், அசைவார், மூச்சும் மந்தமாகும். குறுகிய குழாய்க்குள் லேசரோ கத்தியோ இருக்கும்போது இருமினால் என்ன ஆகும்?

அந்த ஆய்வின் எண்களைச் சொல்கிறேன். ஆனால் சித்தப்பாவுக்குப் புற்றுநோய் இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மொத்தச் சிக்கல் 3.9 சதவீதம். சிகிச்சையின் சிக்கலாலேயே இறந்தவர்கள் 0.5 சதவீதம். 30 நாளுக்குள் இறந்தவர்கள் 14.8 சதவீதம். இந்தக் கடைசி எண்ணைப் பார்த்துத்தான் பலர் மிரண்டு போவார்கள். இத்தனை முற்றிய புற்றுநோயில் சிகிச்சைக்கு வருகிறவர்களின் நிலை அது. அதில் பெரும்பங்கை நோய் எடுத்துக்கொள்கிறது. என்னை நிறுத்தியது வேறோர் எண். அதே சிகிச்சை, அதே வகை நோயாளிகள், ஆனால் ஒரு மருத்துவமனையில் சிக்கல் 0.9 சதவீதம், இன்னொன்றில் 11.7 சதவீதம். பத்து மடங்குக்கு மேல். இரும்பா வளைவதா என்று நாங்கள் கூடத்தில் போட்ட சண்டையில் எந்தப் பக்கம் ஜெயித்திருந்தாலும் இவ்வளவு வித்தியாசம் வந்திருக்காது. யார் செய்கிறார்கள், எப்போது செய்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது.

அதனால் நான் மருத்துவரிடம் கேட்டவை இப்படித்தான் இருந்தன. நீங்கள் மாதம் எத்தனை பேருக்கு இதைச் செய்கிறீர்கள்? மயக்க டாக்டருக்கு இந்த வகைக் கேஸ் பழக்கமா? உள்ளே குழாய் இறங்கவில்லை என்றால் அடுத்து என்ன செய்வீர்கள்? கழுத்து வழி திறக்க ஆள் தியேட்டரிலேயே இருப்பாரா? ராத்திரி ஐ.சி.யூ. படுக்கை உண்டா? இப்படியெல்லாம் கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று பயந்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பதில் சொன்னார். மயக்க டாக்டரைப் பற்றிக் கேட்டதை மட்டும் அழுத்திச் சொல்லிவிடுகிறேன். இந்தச் சிகிச்சையில் மயக்கம் கொடுப்பவரும் குழாய் விடுபவரும் ஒரே பாதையைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். ஒரே மதகில் இரண்டு பேர் கை வைத்திருப்பது மாதிரி. ஒருவரையொருவர் பழகியிருக்க வேண்டும். லேசரோ மின்சூடோ வைக்கும் நேரத்தில் ஆக்ஸிஜனை 40 சதவீதத்துக்குக் கீழே இறக்க வேண்டும், இல்லாவிட்டால் மூச்சுக்குழாய்க்குள்ளேயே தீப்பிடிக்கலாம். இறக்கினால் நோயாளியின் ஆக்ஸிஜன் அளவு குறையும். அந்த இழுபறியைப் பார்த்துக்கொள்வது மயக்க டாக்டரின் வேலை.

நேர்க்குழாயின் தொல்லைகளை மறைக்க விரும்பவில்லை. தொண்டைவலி, கழுத்துவலி, குரல் கம்மல் இரண்டு மூன்று நாளைக்கு இருக்கும். உதடு, ஈறு சிராயும். ஆடும் பல் இருந்தால் விழலாம், விழுந்து உள்ளேயே போய்விட்டால் அது தனி வேலை. முன்கூட்டியே காட்டிவிடுங்கள், கழற்றும் பல்செட் இருந்தால் சொல்லிவிடுங்கள். குரல்வளை வீங்கி மறுபடி மூச்சு அடைக்கலாம், அதற்காகத்தான் அன்றிரவு கண்காணிப்பு. அரிதாக ரத்தப்போக்கு, இதயத்துடிப்புத் தடுமாற்றம், நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிவது, மூச்சுக்குழாய் கிழிவது. இந்தக் கடைசி வகை உயிருக்கே ஆபத்து. கழுத்தைச் சாய்க்க முடியாதவர்கள், கழுத்தெலும்பு நிலையில்லாதவர்கள், அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், ரத்தம் உறையாத கோளாறு உள்ளவர்கள் என்றால் மருத்துவரே தயங்குவார். ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எப்போது நிறுத்துவது என்று இதய மருத்துவரையும் கேட்காமல் தாங்களாக நிறுத்தக் கூடாது.

நம் பக்கத்துக்கென்றே ஒரு சோதனை உண்டு. மருத்துவர் சித்தப்பாவிடம், "வாயத் தொறந்து மூணு விரல நிமித்தி வைங்க ஐயா" என்றார். முப்பது வருடமாக வெற்றிலையும் சீவலும் போடுகிறவர். பாக்கு பழக்கத்தில் கன்னத்தின் உள்தோல் நார்நாராக இறுகி வாய் திறப்பது குறைந்துவிடும் நோய் ஒன்று இருக்கிறது. வாய் திறக்காவிட்டால் நேரான குழாயை எப்படி விடுவது? சித்தப்பா மூன்று விரலைச் சிரமப்பட்டு வைத்தார். பாஸ். இரண்டு விரல்தான் போகும் என்றால் திட்டமே மாறியிருக்கும். கும்பகோணம் வெற்றிலையைக் குறை சொல்லவில்லை, கூடப் போகிற பாக்கைத்தான் சொல்கிறேன்.

அத்தை சொன்ன கழுத்துத் துளைக்கு வருகிறேன். மூச்சு அடைத்துக்கொண்டு வந்தவருக்கு அது உயிர் காக்கும், அதில் சந்தேகமில்லை. சுருக்கம் மேலே இருந்து, துளை அதற்குக் கீழே விழுமானால் மட்டும்தான் அது உதவும் என்பதை அத்தை யோசிக்கவில்லை. சித்தப்பாவின் சுருக்கம் தாழ்வாக இருந்தது. துளையிட்டாலும் நீளமான குழாய் ஒன்றைச் சுருக்கத்தைத் தாண்டி விட வேண்டும், அது உரசும் இடத்தில் புதிய தழும்பு வரலாம், பின்னால் வெட்டி இணைக்க நினைத்தால் வெட்ட வேண்டிய நீளமும் கூடலாம். போதாததற்குக் குரலும் போகலாம், குளத்தில் குளிக்க முடியாது, வயல் தூசியில் நிற்க முடியாது. ஒருவர் வாழ்நாள் முழுக்கத் துளையோடு இருக்கலாம், பலர் இருக்கிறார்கள். ஆனால் அது எளிய வழி என்று நினைத்து எடுக்கிற முடிவாக இருக்கக் கூடாது.

ஸ்டென்ட் என்ற சொல்லை யாராவது சொன்னால் இரண்டு கேள்வி கேளுங்கள். எந்தப் பொருள்? எடுக்க முடியுமா? புற்றுநோய் இல்லாத சுருக்கத்துக்கு உலோக ஸ்டென்ட் வைப்பதைப் பற்றி அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2005-லேயே எச்சரிக்கை விட்டது. கம்பிக்குள் சதை வளர்ந்து மூடிக்கொள்ளும், எடுக்கப் போனால் குழாயே கிழியலாம். வளையும் குழாய் வழியாகச் சுலபமாக வைத்துவிடலாம் என்பதே அதன் ஆபத்து என்று எனக்குத் தோன்றுகிறது. வைப்பது சுலபம், எடுப்பதுதான் கஷ்டம். சிலிக்கோன் ஸ்டென்ட்டை எடுத்துவிடலாம், ஆனால் வைக்கவும் எடுக்கவும் நேர்க்குழாய் வேண்டும். அது நகர்ந்துவிடலாம், சளி ஒட்டி அடைக்கலாம். தஞ்சாவூரில் குடியிருப்பவருக்கு இது ஒரு தொல்லை. முத்துப்பேட்டைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு ராத்திரி இரண்டு மணிக்கு ஸ்டென்ட் அடைத்தால்? 108 வரும், பக்கத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோகும், அங்கே நேர்க்குழாய் இருக்காது. கடைமடைக்காரர்கள் தண்ணீருக்கு மட்டுமில்லை, இதற்கும் கடைசியில்தான். எங்கள் மருத்துவரும் அதைக் கேட்டுவிட்டுத்தான், "முதல்ல ஸ்டென்ட் இல்லாம விரிச்சுப் பாப்போம்" என்றார்.

இடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தஞ்சாவூர், திருச்சி, திருவாரூர், 2022-ல் திறந்த நாகப்பட்டினம் என்று சுற்றிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. முதலில் அங்கே நெஞ்சகப் பிரிவிலும் காது மூக்கு தொண்டைப் பிரிவிலும் போய்க் கேளுங்கள். குழந்தைகளுக்கு நேர்க்குழாய் விடுவது பல இடங்களில் காது மூக்கு தொண்டை மருத்துவர்கள்தான். சுருக்கத்தை விரிப்பது, வெட்டி இணைப்பது எல்லாம் எங்கே செய்கிறார்களோ அங்கே அனுப்ப அவர்கள் சீட்டு எழுதுவார்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. ஆனால் இந்தக் குறிப்பிட்ட சிகிச்சை அந்த மருத்துவமனையில் அதில் வருமா என்று சேர்வதற்கு முன்பே காப்பீட்டு மேஜையில் கேட்டுவிட வேண்டும். நாங்கள் கேட்டோம், அந்த ஒரு விஷயத்தில் புத்திசாலியாக இருந்தோம்.

மிச்சமிருப்பது கத்தி. சுருங்கிய பகுதியை வெட்டி எடுத்துவிட்டு மேல் நுனியையும் கீழ் நுனியையும் சேர்த்துத் தைப்பது. இதுதான் நிரந்தர வழி. பாஸ்டன் நகரின் மாசச்சூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஹெர்மெஸ் கிரில்லோவின் குழு 1995-ல் 503 நோயாளிகளின் கணக்கை வெளியிட்டது. எல்லாரும் சித்தப்பா மாதிரி வென்டிலேட்டர் குழாயால் சுருங்கியவர்கள். 93.7 சதவீதம் பேருக்கு நல்ல, அல்லது திருப்தியான பலன். இறந்தவர்கள் 2.4 சதவீதம். இந்த வேலையில் உலகத்துக்கே முன்னோடியான இடத்தின் எண்கள் இவை, எல்லா ஊரிலும் இதையே எதிர்பார்க்க முடியாது. தையல் விட்டுப்போவது, குரல் நரம்பு அடிபடுவது, தைத்த இடம் மறுபடி சுருங்குவது என்று கவலைகள் உண்டு.

அப்படியானால் நேரே கத்திக்கே போயிருக்கலாமே என்று தம்பி கேட்டான். நல்ல கேள்வி. மெல்லிய, ஒரு சென்டிமீட்டருக்குக் குறைவான தழும்பு, குழாயைத் தாங்கும் குருத்தெலும்பு கெடாமல் இருக்கிறது என்றால் நேர்க்குழாயால் மூன்று நான்கு இடத்தில் கீறி விரித்தாலே பலருக்குச் சரியாகிவிடும், கத்தி தேவைப்படாது. நீளமான சுருக்கம், குருத்தெலும்பே சரிந்தது என்றால் விரித்தது மறுபடி மூடும். சித்தப்பாவுடையது இரண்டாவது வகை என்று ஸ்கேனிலேயே பாதி தெரிந்தது. ஆனால் அவருக்குச் சர்க்கரை இருந்தது, அதுவும் கட்டுக்குள் இல்லை. ஆஸ்துமா என்று நினைத்துக் கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரையை வேறு இரண்டு மாதம் சாப்பிட்டிருந்தார். அது சர்க்கரையையும் ஏற்றும், தையல் ஆறுவதையும் கெடுக்கும். சவ்வு இன்னும் சிவந்து வீங்கியிருந்தது. அந்த நிலையில் தைத்தால் தையல் நிற்காது. 6 மில்லிமீட்டர் குழாயோடு எல்லாம் சரியாகும்வரை காத்திருக்கவும் முடியாது. நேர்க்குழாயையும் கத்தியையும் ஒன்றுக்கொன்று போட்டியாக வைத்து நாங்கள் பேசிக்கொண்டிருந்தது எவ்வளவு அசட்டுத்தனம் என்று அப்போதுதான் உறைத்தது. ஒன்று இன்னொன்றுக்கு நாள் வாங்கிக் கொடுக்கிறது.

தையில், அறுவடைக்கு முன்பே, தேதி குறித்துச் செய்தார்கள். 40 நிமிடம். 6 மில்லிமீட்டர் 12 ஆனது. வெளியே வந்த சித்தப்பா கம்மிய குரலில் முதலில் சொன்னது, "மெஷினுக்குச் சொல்லியாச்சா?" என்பதுதான். மூன்றாம் நாள் வீடு. அறுவடை மெஷின் ஓடுவதை வரப்பில் நின்று பார்த்தார், சத்தமில்லாமல் மூச்சு விட்டுக்கொண்டு. ஏழு வாரத்தில் விசில் மறுபடி கேட்க ஆரம்பித்தது, மருத்துவர் சொன்னபடியே. இரண்டாம் முறை விரித்தார்கள். அதற்குள் ஸ்டீராய்டு நின்றிருந்தது, சர்க்கரை இறங்கியிருந்தது, உள்சவ்வு வெளுத்து அமைதியாகியிருந்தது. சித்திரையில் சென்னையில் வெட்டி இணைத்தார்கள். தையல் இழுபடாமல் இருக்க மோவாயை நெஞ்சோடு சேர்த்து ஒரு தையல் போட்டு ஒரு வாரம் வைத்திருந்தார்கள். "எங்க கல்யாணத்துல நான்கூட இப்படித் தலை குனியல" என்றார் சித்தி. சித்தப்பாவுக்குச் சிரிக்கக் கூடாது என்று உத்தரவு.

சித்தப்பாவுக்குப் பொருந்தியது எல்லாருக்கும் பொருந்தாது. குழந்தை கடலையோ புளியங்கொட்டையோ பாக்குத் துண்டோ சாப்பிடும்போது திடீரென்று புரையேறி, அப்புறம் இருமல் அடங்கிவிட்டாலும் விட்டுவிடாதீர்கள். எக்ஸ்ரேயில் கடலை தெரியாது, படம் சுத்தமாக இருக்கிறது என்பது பதில் ஆகாது. அங்கே நேர்க்குழாய்தான் நெடுங்காலமாக முதல் வழி, யோசிக்க நேரமும் கிடையாது. மூச்சுக்குழாயில் புற்றுநோய்க் கட்டி அடைத்தவர்களுக்குக் கதிர்வீச்சு பலன் தர நாள் பிடிக்கும். நேர்க்குழாயால் கட்டியைச் செதுக்கி எடுத்தால் அன்றே மூச்சு வரும். முன்பு சொன்ன அதே பதிவேட்டில் 93 சதவீதம் பேருக்குக் குழாய் திறந்தது. ஆனால் மூச்சுத்திணறல் எவ்வளவு குறைந்தது என்று அளந்து பார்த்தவர்களில் தெளிவான நிம்மதி கிடைத்தது 48 சதவீதம் பேருக்குத்தான். குழாய் திறப்பதும் ஆள் தேறுவதும் ஒன்றில்லை. அந்தக் குடும்பங்கள், வரப்போகிற நாட்கள் எப்படி இருக்க வேண்டும் என்று நோயாளியையே கேட்டுவிட்டு முடிவெடுப்பது நல்லது. காசநோய் ஆறிய தழும்பால் கிளைக்குழாய் சுருங்கியவர்களுக்கு முதலில் நோய் முழுக்க அடங்கியதா என்று பார்க்க வேண்டும், விரிப்பது அப்புறம்.

சித்தப்பாவின் சட்டைப்பையில் இப்போது ஒரு அட்டை இருக்கிறது. எந்த மாதம் எங்கே என்ன செய்தார்கள், மூச்சுக்குழாயின் இப்போதைய அகலம் என்ன, இனி எந்த ஆபரேஷனுக்காவது மயக்கம் கொடுக்க நேர்ந்தால் சின்ன அளவுக் குழாயே போட வேண்டும் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தது. நான் அதை லேமினேட் செய்து, போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பிலும் போட்டுவைத்தேன். கட்டிலும் கொசுவலையும் வாங்கியாயிற்று. பாய் பரண் மேல் இருக்கிறது.